அறிவித்த தூரம் 480, எனக்குக் கிடைத்தது 157: மின்சார பிக்கப்பில் சுமை இழுத்த அனுபவம்

மின்சார பிக்கப் ஒன்றை வாங்கி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இதுவரை 41,000 கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறேன். வாங்குவதற்கு முன்பு பல மாதங்கள் விசாரித்தேன். ஆனால் எனக்குக் கிடைத்த விவரங்கள் எல்லாம் வண்டியைக் காலியாக ஓட்டியவர்கள் சொன்னவை. எவ்வளவு வேகமாகக் கிளம்புகிறது, எவ்வளவு அமைதியாக ஓடுகிறது, மாதச் செலவு எவ்வளவு குறைந்தது என்று சொன்னார்களே தவிர, பின்னால் டிரெய்லர் மாட்டிக்கொண்டு நெடுந்தூரம் போனால் என்ன ஆகும் என்பதை அனுபவித்துச் சொல்ல ஒருவரும் அகப்படவில்லை. பேட்டரியில் 6 சதவீதம் மட்டும் மிச்சமிருக்க, வேறொருவரின் இயந்திரத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டு இரவில் தனியாக ஒரு சார்ஜிங் நிலையத்துக்குள் நுழைந்த பிறகுதான் அது எனக்கு விளங்கியது. அதை முன்கூட்டியே யாராவது சொல்லியிருக்கலாமே என்ற ஆதங்கம் இன்னும் தீரவில்லை. ஆகவே நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

நான் ஒரு சிறிய தச்சுப் பட்டறை நடத்துகிறேன். பலகை, அலமாரி, கருவிகள் என்று ஏதாவது ஒன்றை ஏற்றிக்கொண்டு அலைவதுதான் என் வேலை. பழைய டீசல் வண்டி ஓய்ந்துபோனபோது, தினமும் 80, 90 கிலோமீட்டருக்குள் சுற்றுகிற எனக்கு மின்சார வண்டி பொருந்தும் என்று கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கில் தவறு எதுவும் இல்லை. இன்றும் என் அன்றாட வேலைக்கு இதைவிட நல்ல வண்டி கிடையாது என்றே நினைக்கிறேன். மாதத்தில் இரண்டு மூன்று நாள் வருகிற நெடுந்தூரச் சுமை வேலையைத்தான் நான் கணக்கில் சேர்க்காமல் விட்டேன்.

முதல் அடி வீட்டிலேயே விழுந்தது. என் வண்டியின் பேட்டரி 130 யூனிட் கொண்டது. சாதாரண மின்சாரக் கார்களில் இருப்பதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. பெரிய தொட்டியை நிரப்பப் பெரிய குழாய் வேண்டும் என்பது எனக்குத் தோன்றவில்லை. வண்டியோடு வந்த கையடக்க சார்ஜரைக் கொட்டகையில் இருந்த 16 ஆம்பியர் சாக்கெட்டில் செருகி இரவு முழுவதும் விட்டேன். 230 வோல்ட்டில் 16 ஆம்பியர் என்றால் மணிக்கு மூன்றரை யூனிட்டுக்குச் சற்று அதிகம். பத்து மணி நேரத்தில் 36 யூனிட் ஏறும். அதுவே போதும் என்றிருந்தேன். மூன்றாவது இரவு ஏதோ தீய்ந்த வாசனை வந்தது. போய்ப் பார்த்தபோது பிளக்கைத் தொட முடியவில்லை. சாக்கெட்டின் ஒரு துளையைச் சுற்றிப் பிளாஸ்டிக் பழுப்பேறி, உருகி வழிந்து, மறுபடியும் இறுகியிருந்தது. அந்தக் கொட்டகையில் உலர்ந்த மரம் அடுக்கியிருந்தேன். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் வந்த எலக்ட்ரீஷியன் சுவருக்குள் இருந்த வயரை இழுத்துக் காட்டி, "சார், கருவி ஓட்டினால் பத்து நிமிஷம் ஓட்டுவீர்கள், நிறுத்துவீர்கள். இது விடிய விடிய ஒரே அளவு கரண்ட் இழுக்கிறது. இந்த வயரும் சாக்கெட்டும் அதற்குப் போட்டவை இல்லை" என்றார். அவர் சொன்னதுதான் இதில் மூலப் பாடம். சாக்கெட்டில் எழுதியிருக்கும் ஆம்பியர் அளவு மட்டும் போதாது. எட்டு, பத்து மணி நேரம் இடைவிடாமல் அந்தச் சுமையைத் தாங்குமா என்று பார்க்கவேண்டும். மீட்டரிலிருந்து கொட்டகைக்குத் தனி வயர் இழுத்து, தனி பிரேக்கர் போட்டு, நேர்திசை மின்சாரத்தின் (டி.சி.) கசிவையும் கண்டுபிடிக்கும் பாதுகாப்புக் கருவி வைத்து, சரியான எர்த் கொடுத்து, 32 ஆம்பியர் சுவர் சார்ஜர் பொருத்தினோம். 28 மீட்டர் தூரத்துக்கு மண்ணைத் தோண்டிக் கேபிள் புதைக்க வேண்டியிருந்தது. மின் இணைப்பின் அனுமதிச் சுமையையும் உயர்த்த வேண்டியிருந்ததால் மூன்று வாரம் ஓடிவிட்டது. அதுவரை வாரத்துக்கு இரண்டு முறை வெளியே போய்ச் சார்ஜ் ஏற்றினேன். எல்லாம் முடிந்து பார்த்தபோது, சார்ஜரின் விலையைப் போல இரண்டரை மடங்கு பணம் வயரிங் வேலைக்கே போயிருந்தது. பிக்கப் வாங்க நினைப்பவர்கள் வண்டிக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்பே ஒரு எலக்ட்ரீஷியனை அழைத்து வந்து மீட்டரையும் வண்டி நிறுத்தும் இடத்தையும் காட்டிவிடுங்கள். விற்பனையாளர் சொல்லும் தொகையில் இந்தச் செலவு இருக்காது.

இந்தச் சார்ஜரிலும் ஒரு வரம்பு உண்டு. 32 ஆம்பியர் என்றால் 7.4 கிலோவாட்; வழியில் ஏற்படும் இழப்பைக் கழித்தால் மணிக்கு ஆறரை யூனிட் அளவுக்குத்தான் பேட்டரியில் சேர்கிறது. காலியான பேட்டரி முழுதாக நிரம்ப இருபது மணி நேரம் பிடிக்கும். அன்றாட ஓட்டத்துக்கு இது தாராளம். நெடும்பயணம் முடித்து இரவில் காலியாக வந்து மறுநாள் விடியலில் மறுபடியும் நெடும்பயணம் கிளம்ப வேண்டும் என்றால் இது போதாது.

இனி அந்தப் பயணத்துக்கு வருகிறேன். வண்டி வாங்கிய ஐந்தாவது மாதம். என்னிடமிருந்த பழைய இழைப்பு இயந்திரத்தை 260 கிலோமீட்டர் தள்ளியிருந்த இன்னொரு பட்டறைக்காரர் வாங்கியிருந்தார். முழுத் தொகையும் கொடுத்துவிட்டார்; கொண்டுவந்து சேர்ப்பது என் பொறுப்பு. இயந்திரம் 1,100 கிலோ. மழைக்காலம் என்பதால் நாற்புறமும் மூடிய, ஆள் நிற்கும் உயரமுள்ள பெட்டி டிரெய்லர் ஒன்றை வாடகைக்கு எடுத்தேன். அதன் எடை 700 கிலோ. ஆக மொத்தம் 1,800 கிலோ. என் வண்டி இதைப் போல இரண்டு மடங்கு எடையை இழுக்கும் என்று கையேட்டில் எழுதியிருக்கிறது, அது உண்மையும்கூட. இழுப்பதில் அந்த வண்டி ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. மேட்டில் டீசல் வண்டி முனகி முனகி ஏறிய இடங்களை இது சத்தமில்லாமல் ஏறியது. எங்கோ ஏதோ குறைந்துகொண்டிருக்கிறது என்பதை உணர்த்தும் இரைச்சல் எதுவும் இல்லாததே என்னை ஏமாற்றியது என்று இப்போது நினைக்கிறேன்.

அறிவிக்கப்பட்ட தூரம் 480 கிலோமீட்டர். சுமைக்காகக் கால் பங்கு கழித்தாலும் 360 வரும், போகவேண்டியது 260 என்று எண்ணி, 100 சதவீதம் சார்ஜ் ஏற்றிக்கொண்டு மாலை 4 மணிக்குக் கிளம்பினேன். இரவு ஏழரைக்குச் சேர்ந்துவிடுவேன், இறக்குவதற்கு நான்கு பேரைத் தயாராக வைத்திருங்கள் என்று அவரிடம் சொல்லியிருந்தேன்.

கிளம்பிய உடனே ஒரு பாடம் கிடைத்தது. எங்கள் பகுதியிலிருந்து பெரிய சாலையை அடைய ஆறு கிலோமீட்டர் இறக்கம். வழக்கமாக ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே வண்டி தானாக வேகம் குறையும். அந்த ஆற்றல் மின்சாரமாகிப் பேட்டரிக்குத் திரும்பும். அன்றும் பாதத்தை எடுத்தேன், வேகம் குறையவில்லை. பேட்டரி முழுதாக நிரம்பியிருந்ததால் திரும்பி வரும் மின்சாரத்தை வாங்க இடமில்லை. பின்னாலிருந்து 1,800 கிலோ தள்ளுகிறது. பழக்கமில்லாத காலால் பிரேக்கை அழுத்தி அழுத்தி இறங்கினேன்; கீழே வந்தபோது பிரேக் சூடேறிய வாடை உள்ளே வரை அடித்தது. இறக்கத்தில் பயணம் தொடங்குகிறவர்கள், அதுவும் சுமையோடு தொடங்குகிறவர்கள், 90 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அந்த இறக்கத்தை இப்போது நான் மெதுவாகவும் பேட்டரியில் இடம் விட்டும்தான் இறங்குகிறேன்.

70 கிலோமீட்டர் கடந்ததும் திரையைக் கவனித்தேன். 68 சதவீதம். முதலில் ஏதோ கோளாறு என்றுதான் நினைத்தேன். ஓரமாக நிறுத்தி, ஒரு சீட்டில் கணக்குப் போட்டேன். 70 கிலோமீட்டருக்கு 41 யூனிட். அதாவது நூறு கிலோமீட்டருக்கு 58. காலியாக ஓட்டும்போது எனக்கு 27 ஆகும். மிச்சமிருந்த 190 கிலோமீட்டருக்கு 110 யூனிட் தேவை. கையில் இருந்தது 89. திரையோ அப்போதும் 300 கிலோமீட்டருக்கு மேல் ஓடலாம் என்று காட்டிக்கொண்டிருந்தது, ஏனென்றால் அது என் பழைய காலி ஓட்டங்களை வைத்துச் சொல்கிற ஊகம். டிரெய்லர் மாட்டியிருக்கிறேன் என்று வண்டியின் அமைப்புகளில் பதிவு செய்தால் அது கணக்கை மாற்றிக்கொள்ளும். அப்படி ஒரு வசதி இருப்பதே எனக்கு மறுநாள் கையேட்டைப் படித்தபோதுதான் தெரிந்தது. டிரெய்லரின் உயரம், நீளம், எடையை ஒரு முறை பதிந்துவைத்தால் போதும். ஆனாலும் முதல் ஐம்பது கிலோமீட்டர் முடிந்ததும் நிறுத்தி, செலவான சதவீதத்தை நீங்களே கணக்குப் பாருங்கள்.

எதற்கும் இருக்கட்டும் என்று 175ஆவது கிலோமீட்டரில் உள்ள ஒரு சார்ஜிங் நிலையத்தைக் குறித்துவைத்திருந்தேன். கைப்பேசியின் வரைபடத்தில் இரண்டு சார்ஜர்களும் இயங்குவதாகப் பச்சை நிறத்தில் காட்டின. மாலை 6.15 மணிக்கு 22 சதவீதத்துடன் அங்கே போய்ச் சேர்ந்தேன். ஒன்றின் திரை இருண்டு கிடந்தது. இன்னொன்றில் ஒரு கார் நின்றது, ஓட்டுநரைக் காணவில்லை. அதற்கும் மேலாக, அந்த இடம் கார்கள் பின்பக்கமாக நுழைந்து நிற்பதற்காக அமைக்கப்பட்டது. டிரெய்லரோடு நுழைந்தால் கேபிள் எட்டாது. குறுக்கே நிறுத்தினால் மற்ற எல்லா வண்டிகளுக்கும் வழி அடைபடும். கழற்றித்தான் ஆகவேண்டும்.

1,800 கிலோ டிரெய்லரைத் தனி ஆளாக மழைத் தூறலில் கழற்றுவது என்ன என்பதை அன்று கற்றேன். தரை லேசாகச் சரிந்திருந்தது. சக்கரங்களுக்கு வைக்க முட்டுக்கட்டை என்னிடம் இல்லை. பக்கத்திலிருந்து இரண்டு கற்களைப் பொறுக்கி வந்து வைத்தேன். பாதுகாப்புச் சங்கிலியை விடுவித்து, விளக்குக்கான மின் இணைப்பை உருவி, டிரெய்லரின் முன்சக்கரக் கைப்பிடியைச் சுற்றி அதன் மூக்கைத் தூக்கி, வண்டியை ஓர் அடி முன்னால் நகர்த்தியபோது, டிரெய்லர் ஒரு விரற்கடை பின்வாங்கிக் கல்லில் இடித்து நின்றது. அந்த ஒரு விரற்கடை அசைவில் என் நெஞ்சு நின்றுவிட்டது. அது உருண்டிருந்தால் பின்னால் இருந்தது சாலை.

காருக்குரியவர் வந்து எடுத்துச்செல்ல முக்கால் மணி நேரம் ஆனது. பிறகு நான் செருகினேன். சார்ஜருக்கும் வண்டிக்கும் இடையே தொடர்பு ஏற்படவில்லை என்று மூன்று முறை வந்தது. நான்காவது முறை ஓடத் தொடங்கி இரண்டு நிமிடத்தில் நின்றது. உதவி எண்ணுக்கு அழைத்தேன், அவர்கள் தொலைவிலிருந்தே அதை அணைத்து மறுபடி இயக்கினார்கள், பயனில்லை. 85 கிலோமீட்டர் பாக்கி. கையில் 28 யூனிட். அதே வேகத்தில் போனால் 48 கிலோமீட்டரில் வண்டி நின்றுவிடும். அடுத்த நிலையம் 52 கிலோமீட்டரில். டிரெய்லரை அங்கேயே விட்டுவிட்டுப் போகலாமா என்றுகூட யோசித்தேன். உள்ளே இருந்தது பணம் வாங்கிக்கொண்ட பொருள், மனம் ஒப்பவில்லை.

அப்போதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். 100இலிருந்து 70க்குக் குறைத்தால் எதிர்ப்பு சரிபாதியாகிவிடும். உயரமான பெட்டி டிரெய்லர் இழுக்கும்போது செலவாகும் மின்சாரத்தில் பெரும்பகுதி அந்தக் காற்றைக் கிழிப்பதற்கே போகிறது. மறுபடியும் டிரெய்லரை மாட்டி, இருக்கையின் சூட்டை மட்டும் வைத்துக்கொண்டு அறையின் ஹீட்டரை அணைத்து, 65க்கும் 70க்கும் இடையே இடது புறமோ வலது புறமோ பார்க்காமல் சாலையின் ஓரத் தடத்திலேயே ஓட்டினேன். பின்னால் வந்த லாரிகள் விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தன. ஒவ்வொரு கிலோமீட்டர் கல்லுக்கும் சதவீதத்தைப் பார்த்தேன். 15, 12, 9. கண்ணாடியில் பனி படர்ந்தது. அதைத் துடைக்கத் துணியைத்தான் பயன்படுத்தினேன், காற்றைத் திறக்க மனம் வரவில்லை. இரவு 9 மணிக்கு அடுத்த நிலையத்துக்குள் நுழைந்தபோது 6 சதவீதம். அந்த 52 கிலோமீட்டருக்கு 21 யூனிட்தான் செலவாகியிருந்தது, நூறு கிலோமீட்டருக்கு 40. அதே டிரெய்லர், அதே இயந்திரம். வேகம் மட்டும் வேறு. நெருக்கடியில் உங்கள் கையில் இருக்கும் மாற்றுத் தொட்டி வேகத்தைக் குறைப்பதுதான். அதை 6 சதவீதத்தில் அல்ல, 50 சதவீதத்திலேயே தொடங்கவேண்டும்.

அங்கேயும் ஒரு மணி நேரம் வரிசை, மறுபடியும் கழற்றல், பக்கத்து வண்டியோடு பகிர்ந்துகொண்டதால் பாதித் திறனில் ஒரு மணி நேரச் சார்ஜ், மறுபடியும் மாட்டல். நள்ளிரவு 12 மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். இறக்க வந்த நால்வரும் எட்டரை மணிவரை காத்திருந்துவிட்டுப் போயிருந்தார்கள். வண்டியிலேயே படுத்தேன். அவர்களுடைய மாலைக் கூலியும், மறுநாள் கூலியும், டிரெய்லருக்கு ஒரு நாள் கூடுதல் வாடகையும் நான்தான் கொடுத்தேன். அந்த விற்பனையில் எனக்கு மிச்சமாக வேண்டிய தொகையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. பணத்தைவிட, "சார்ஜ் தீர்ந்துவிட்டது" என்று அந்த வாடிக்கையாளரிடம் தொலைபேசியில் சொன்ன நேரம்தான் எனக்கு அதிகம் வலித்தது. நாற்பது வருடமாகச் சொன்ன நேரத்துக்குப் பொருளைச் சேர்த்த பட்டறை அது. என் தந்தை தொடங்கியது.

அதன் பிறகு ஒவ்வொரு சுமைப் பயணத்தையும் ஒரு நோட்டில் எழுதிவருகிறேன். அதில் தெரிந்தது எனக்கே வியப்பாக இருந்தது. வண்டியின் பின்தட்டில், பக்கச் சுவரின் உயரத்துக்கு மேல் எழாமல் 600 கிலோ பலகை ஏற்றினால் நூறு கிலோமீட்டருக்கு 30 யூனிட்டுக்குள்தான் ஆகிறது; காலி ஓட்டத்தைவிட மூன்று யூனிட்தான் அதிகம். ஆனால் எடை குறைவான வெற்றுப் பெட்டி டிரெய்லரை இழுத்தால் 50ஐத் தாண்டுகிறது. சமதளச் சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது எடை அவ்வளவாகப் பொருட்டில்லை. காற்றில் குறுக்கே நிற்கும் முகப்பின் பரப்புதான் எல்லாம். அறிவிக்கப்படும் தூரம் ஆய்வகத்தில் உருளைகளின் மேல் டிரெய்லர் இல்லாமல் ஓட்டிக் கணக்கிடப்படுவது. எடுத்துக்காட்டாக, ஃபோர்ட் எஃப்-150 லைட்னிங் என்ற மின்சார பிக்கப் 2022இல் பெரிய பேட்டரியோடு வந்தபோது அதன் பேட்டரி 131 யூனிட், அறிவித்த தூரம் 320 மைல், அதாவது 515 கிலோமீட்டர். அந்த எண் பொய்யில்லை. அது வேறொரு கேள்விக்கான பதில்.

நம் கேள்விக்கான பதிலை நாமே கணக்கிட வேண்டும். வழியில் சார்ஜ் ஏற்றும்போது 80 சதவீதத்துக்கு மேல் மின்சாரம் மிகவும் மெதுவாகத்தான் ஏறும். 10க்குக் கீழே இறங்குவது ஆபத்து. ஆகவே நெடுஞ்சாலையில் நமக்கு உண்மையில் உள்ளது 70 சதவீதம்தான். என் வண்டியில் அது 91 யூனிட். பெட்டி டிரெய்லரோடு நூறு கிலோமீட்டருக்கு 58 என்றால், ஒரு சார்ஜருக்கும் அடுத்த சார்ஜருக்கும் இடையே நான் ஓட்டக்கூடியது 157 கிலோமீட்டர். 480 அல்ல. வாங்குவதற்கு முன்பு இந்த ஓர் எண்ணை உங்கள் சுமைக்குக் கண்டுபிடியுங்கள். முடிந்தால் ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, உங்கள் டிரெய்லரையே மாட்டி நூறு கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். விற்பனையகத்தின் அரைமணி நேரச் சோதனை ஓட்டத்தில் இது தெரியாது.

சார்ஜிங் நிலையத்தைத் தேர்ந்தெடுக்கும்போது சார்ஜரின் வேகத்துக்கு முன்பு இட அமைப்பைப் பார்க்கிறேன். மேலிருந்து எடுத்த வரைபடப் படத்தைப் பெரிதாக்கினால், டிரெய்லரோடு ஒருபுறம் நுழைந்து மறுபுறம் வெளியேற முடியுமா, இல்லாவிட்டால் கழற்றி நிறுத்தச் சமதளம் இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் மாற்றாக இன்னொன்றை, அதை அடையும் அளவுக்குச் சார்ஜ் மிச்சம் வைத்துக் குறித்துக்கொள்கிறேன். கட்டணம் செலுத்தும் செயலிகளை வீட்டிலேயே பதிந்து, பணமும் போட்டுவைக்கிறேன். குளிர்காலத்தில் கைப்பேசியின் வரைபடத்தை விட்டுவிட்டு வண்டியின் திரையிலேயே நிலையத்தை இலக்காகக் குறிக்கிறேன், ஏனென்றால் அப்போதுதான் வண்டி பேட்டரியை முன்கூட்டிச் சூடாக்கித் தயாராக்கும். குளிர்ந்த பேட்டரி வேகமாக மின்சாரம் வாங்காது. இருக்கைக்குப் பின்னால் இப்போது நான்கு ரப்பர் முட்டுக்கட்டைகள், தலையில் மாட்டும் விளக்கு, கையுறை, மழைச்சட்டை எப்போதும் இருக்கின்றன. கழற்றி மாட்டுவதைப் பகலில், வீட்டு வாசலில், பத்து முறை செய்து பழகியும்விட்டேன்.

எடையைப் பற்றி ஒரு வார்த்தை. இழுக்கும் திறன் பெரிய எண்ணாக விளம்பரத்தில் வரும். வண்டியின் மேல் ஏற்றக்கூடிய எடைதான் முதலில் தீர்ந்துபோகும். பேட்டரியே கனமானது என்பதால் இவ்வகை வண்டிகளில் அந்த மிச்சம் குறைவாக இருப்பது உண்டு. என் வண்டிக்கு அது 700 கிலோ. டிரெய்லர் எடையில் பத்து முதல் பதினைந்து சதவீதம் கொக்கியின் மேல் அழுத்தவேண்டும், இல்லாவிட்டால் டிரெய்லர் வாலாட்டும். 1,800 கிலோவுக்கு ஏறத்தாழ 200 கிலோ அதிலேயே போய்விடும். என் கருவிப் பெட்டிகள் 300. நான் 80. இன்னும் இரண்டு பேர் ஏறினால் வரம்பைத் தாண்டிவிடும். டயர்களும் இந்த எடையின் விலையைத்தான் கொடுக்கின்றன. பழைய வண்டியில் 45,000 கிலோமீட்டர் வந்த டயர், இதில் 24,000இல் தேய்ந்துவிட்டது. நின்ற இடத்திலிருந்து சீறிக் கிளம்பும் ஆசையை முதல் சில மாதங்கள் நான் அடக்கவில்லை என்பதும் ஒரு காரணம். மாற்றும்போது விலை குறைந்த சாதாரண டயரை வாங்கிவிடாமல், கதவோரத்தில் ஒட்டியிருக்கும் தாளில் குறித்திருக்கும் சுமைக் குறியீட்டுக்குக் குறையாததையே வாங்கவேண்டும்.

இன்னொரு நாளையும் சொல்லவேண்டும். ஒன்பது நாள் வண்டியை எடுக்காமல் நிறுத்தியிருந்தேன், அதன் பாதுகாப்புக் கேமராக்கள் விழித்திருக்க. நானும் கைப்பேசியில் அடிக்கடி சார்ஜ் அளவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் வண்டி உறக்கத்திலிருந்து எழுகிறது. பத்தாம் நாள் கதவு திறக்கவில்லை. பெரிய பேட்டரியில் 71 சதவீதம் இருந்தது. ஆனால் பூட்டு, திரை, கணினி எல்லாவற்றையும் இயக்குவது பழைய வண்டிகளில் உள்ளதைப் போன்ற ஒரு சிறிய 12 வோல்ட் பேட்டரிதான். அது செத்துப்போனால் பெரிய பேட்டரி இருந்தும் பயனில்லை. சாவிக்குள் ஒளிந்திருக்கும் உலோகச் சாவியும், முன்புற மூடியைத் திறக்க வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்கும் முனைகள் எங்கே இருக்கின்றன என்பதும் எனக்குத் தெரியாததால் ஒரு முழு வேலைநாள் வீணானது. கையேட்டின் அந்தப் பக்கத்தைப் படமெடுத்துக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள். மீட்பு வண்டியை அழைக்க நேர்ந்தால், நான்கு சக்கரங்களும் தரையில் படாமல் முழுதாக ஏற்றிச்செல்லும் தட்டு வண்டியையே கேளுங்கள். சக்கரம் சுழன்றால் மோட்டாரும் சேர்ந்து சுழலும்.

இவ்வளவு சொன்ன பிறகும் இந்த வண்டியை விற்க எனக்கு எண்ணமில்லை. அதற்குப் பெரிய காரணம் பின்தட்டில் இருக்கும் சாக்கெட்டுகள். மின் இணைப்பே வராத புதுக் கட்டடத்தில், ஜெனரேட்டர் இரைச்சலும் புகையும் இல்லாமல், வட்ட ரம்பமும் துளைக்கும் கருவியும் நாள் முழுவதும் ஓடுகின்றன. மாலையில் பார்த்தால் நான்கு ஐந்து யூனிட்தான் போயிருக்கும். மின்வெட்டின்போது வீட்டுக்கும் கொடுக்கலாம். ஆனால் அதற்கென்று மாற்று சுவிட்ச் பொருத்தாமல், வீட்டுச் சாக்கெட் வழியாக மின்சாரத்தை உள்ளே செலுத்தும் வேலையை ஒருபோதும் செய்யாதீர்கள். அது கம்பி வழியே வெளியே போய், மின்கம்பத்தில் பழுது பார்க்கும் தொழிலாளியின் உயிரைப் பறித்துவிடும்.

சென்ற மாதம் அதே வாடிக்கையாளர் இன்னோர் இயந்திரம் கேட்டார். இந்த முறை பெட்டி டிரெய்லரை எடுக்கவில்லை. தாழ்ந்த, திறந்த டிரெய்லரில் இயந்திரத்தைப் படுக்கவைத்து, தார்ப்பாயைக் காற்றில் அடிக்காதபடி இறுக்கிக் கட்டி, காலை 6 மணிக்குக் கிளம்பி, 80ஐத் தாண்டாமல் ஓட்டினேன். நூறு கிலோமீட்டருக்கு 38 யூனிட். வழியில் அந்தப் பழைய நிலையத்தைக் கடக்கும்போது வேகத்தைக் குறைத்துப் பார்த்தேன். இருண்டிருந்த சார்ஜரின் மேல் இப்போது ஓர் உறை போர்த்தியிருந்தது. நிறுத்தாமல் போனேன். பத்து மணிக்கு முன்பே சேர்ந்தபோது பேட்டரியில் 22 சதவீதம் இருந்தது. முந்தைய வாரமே கேட்டுவைத்திருந்தபடி, அவருடைய பட்டறையின் மும்முனை மின்சாரச் சாக்கெட்டில் வண்டியைச் செருகினேன். என் வண்டி மும்முனையை ஏற்கும் வகை என்பதால் மணிக்கு பத்து யூனிட் அளவுக்கு ஏறியது. நாங்கள் இயந்திரத்தை இறக்கி, மட்டம் பார்த்து, முதல் பலகையை இழைத்துப் பார்க்கும்வரை அது ஏறிக்கொண்டே இருந்தது.